முதலும் கூலியும் கரையிறங்கிய ஊர்

உள்ளே போக வாயில் இருக்கிறது. போய்ப் பார்க்கக் கோட்டை இல்லை! மலேசிய நாட்டின் மலாக்கா நகரில், குன்று ஒன்றின் அடிவாரத்தில், உற்றார் உறவினர் எல்லாம் மாண்டபின் தனித்திருக்கும் கிழவனைப்போல நிற்கிறது அந்தக் கல்வாயில். சாந்தியாகோ வாயில் என்று பெயர். வருகிறவரெல்லாம் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கோலாலம்பூரிலிருந்து இரண்டு மணிநேரப் பேருந்துப் பயணம் முடித்து இறங்கிய நானும் நின்றேன்.

கட்டியவன் யார்? போர்த்துகீசியன். 1511ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அல்புகர்க் எனும் தளபதி பீரங்கி முழங்க இந்நகரைப் பிடித்தான். பிடித்த கையோடு கோட்டை எழுப்பினான். எதைக்கொண்டு? மசூதிகளை இடித்த கல்லைக்கொண்டு. மலாய் மன்னர்களின் கல்லறைகளைப் பெயர்த்த கல்லைக்கொண்டு! யாரைக்கொண்டு? ஓடிப்போன சுல்தான் விட்டுச்சென்ற அடிமைகளைக்கொண்டு! கட்டி முடித்து, 'புகழ்பெற்றது' என்று தானே அதற்குப் பெயரும் சூட்டிக்கொண்டான்.

1641இல் டச்சுக்காரன் வந்தான். மாதக்கணக்கில் முற்றுகையிட்டுப் போர்த்துகீசியனை விரட்டினான். வாயிலின் நெற்றியில் தன் கம்பெனியின் சின்னத்தைப் பொறித்து, 1670 என்று ஆண்டையும் வெட்டிவைத்தான். இன்றும் படிக்கலாம். 1795இல் பிரிட்டிஷ்காரன் வந்தான். நாளை வேறொருவன் கைக்கு இந்தக் கோட்டை போய்விடக்கூடாதே என்ற கவலையில், 1807இல் வெடிமருந்து வைத்துத் தகர்த்தான். ஒருவன் கட்ட, ஒருவன் பிடிக்க, ஒருவன் உடைக்க, மிஞ்சியது இந்த ஒற்றை வாயில். அதுவும் ராஃபில்ஸ் என்ற அதிகாரி தலையிட்டதால் தப்பியது என்கிறார்கள்.

கோட்டை தகர்ந்ததைக் கண்ணால் கண்டவன் ஒரு சிறுவன். பத்துப் பதினோரு வயது. யானை யானையாகக் கற்கள் பறந்து போய்க் கடலில் விழுந்ததையும், கோட்டைக்குள் பேய் குடியிருக்கிறது என்று அஞ்சிக் கூலியாட்கள் கைவைக்கத் தயங்கியதையும் வளர்ந்தபிறகு எழுதிவைத்தான். அவன்தான் முன்ஷி அப்துல்லா. இன்றைய மலாய் இலக்கியத்தின் தந்தை என்று அந்நாட்டார் போற்றும் எழுத்தாளர். அவருடைய பாட்டனுக்குத் தந்தை ஏமன் நாட்டு அரபி. அந்த அரபி வந்து பெண் கொண்ட ஊர் எது தெரியுமா, தோழர்களே? நம் நாகூர்! இந்த அப்துல்லாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

வாயிலுக்கு அருகிலேயே இன்னொரு கட்டடம் இருக்கிறது. 1912இல் வெள்ளைத் துரைமார்கள் கூடிக் குடித்துக் களிக்கக் கட்டிய மலாக்கா கிளப். 1956 பிப்ரவரி 20ஆம் நாள், இதன் எதிரே உள்ள திடலில்தான் துங்கு அப்துல் ரகுமான், நாட்டுக்கு விடுதலை வரப்போகும் நாளை மக்களுக்கு அறிவித்தார். அந்தக் கிளப் இன்று என்னவாக இருக்கிறது? விடுதலை அறிவிப்பு நினைவகமாக இருக்கிறது! 1985இல் திறந்தார்கள். துரைமார் சீட்டாடிய கூடத்தில் இன்று பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நடக்கிறார்கள். காலம் சில வேளைகளில் நல்ல நகைச்சுவை எழுத்தாளனாகவும் இருக்கிறது.

மலாக்கா என்றால் என்ன பொருள்? சுமத்திராத் தீவின் பாலெம்பாங்கிலிருந்து வந்த பரமேசுவரன் என்ற இளவரசன், 1400ஆம் ஆண்டையொட்டி இங்கே ஒரு மரத்தடியில் இளைப்பாறினானாம். அவனுடைய வேட்டை நாயைச் சின்னஞ்சிறு சருகுமான் ஒன்று உதைத்து ஆற்றில் தள்ளியதாம். 'எளியதற்கு இத்தனை வீரம் ஊட்டும் மண்ணா இது!' என்று வியந்து, அங்கேயே நகர் அமைத்தானாம். கதைதான், ஆனால் நல்ல கதை. அந்த மரத்தின் பெயர் மலாக்கா. அதையே ஊருக்கு வைத்தான். அது வேறொன்றுமில்லை, நம்முடைய நெல்லி! அதியமான் ஔவைக்கு ஈந்த கனியின் மரம்!

நெல்லிமரத்தடியில் முளைத்த ஊர், நூறே ஆண்டுகளில் உலகச் சந்தையானது. காரணம், காற்று! ஒரு பருவக்காற்று இந்தியக் கரையிலிருந்து கப்பல்களைக் கொண்டுவந்து சேர்க்கும். மறு பருவக்காற்று சீனத்துக் கப்பல்களைக் கொண்டுவரும். இரண்டும் சந்திக்கிற குறுகலான நீரிணையில் இருக்கிறது மலாக்கா. வந்தவன் திரும்பிப்போக எதிர்க்காற்று வீசும்வரை காத்திருக்கவேண்டும். ஆகவே கிடங்கு வேண்டும், வீடு வேண்டும், மொழிபெயர்ப்பாளன் வேண்டும். இந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டன என்று கணக்கெழுதினான் தொமே பிரெசு என்ற போர்த்துகீசியன். துறைமுகத் தலைவர்கள் மட்டும் நால்வர்: குசராத்தியருக்கு ஒருவர், தமிழ் வணிகர், வங்காளத்தார், பெகு நாட்டார், பாசை நாட்டாருக்கு ஒருவர், சாவகத்தாருக்கும் கீழ்த்திசைத் தீவினருக்கும் ஒருவர், சீனருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் ஒருவர்.

பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் ஏற்றிய துணி மூட்டைகள் இங்கே இறங்கின. கிராம்பும் சாதிக்காயும் சந்தனமும் ஈயமும் திரும்பி ஏறின. செட்டியார்கள் குவித்தார்கள் செல்வத்தை. அந்தத் துணியை நெய்தவன்? கடலையே கண்டிராதவன். தறிக்குழியில் காலை வைத்தவன், அந்தி சாயும்வரை எடுக்காதவன். கடலோடிகளின் வரலாறு எழுதுவோர் அவனைக் கரையிலேயே விட்டுவிட்டுக் கப்பலேறிவிடுகிறார்கள்.

நம்மவர் இங்கே அதிகாரத்திலும் இருந்தனர். தமிழ் முசுலிம் வழிவந்த துன் முத்தாகிர், சுல்தானுக்கு அடுத்த நிலையான பெண்டகாரா பதவியில், அதாவது தலைமை அமைச்சராக இருந்தவர். துரோகி என்ற பொய்ப்பழிக்கு இரையாகி 1510இல் கொல்லப்பட்டார். அதற்கடுத்த ஆண்டே நகரம் விழுந்தது.

விழச்செய்ததில் இன்னொரு தமிழருக்கும் பங்கு உண்டு. மறைக்காமல் சொல்லவேண்டும். நீனா சாத்து என்று போர்த்துகீசியர் எழுதிய வணிகர். நயினார் செட்டி என்ற பெயரின் திரிபு அது என்பாரும் உண்டு. முன்னர் சிறைப்பட்டிருந்த போர்த்துகீசியருக்கு இரகசியமாக உதவியவர். நகரைப் பிடித்த அல்புகர்க், அவரையே பெண்டகாராவாக அமர்த்தினான். எத்தனை நாளுக்கு? மூன்றே ஆண்டு! 1514இல் பறங்கியருக்கு வேறொருவர் தேவைப்பட்டார், பதவி பறிபோயிற்று. மானம் பொறுக்காமல் அவர் தீ மூட்டி அதில் பாய்ந்து உயிர்விட்டதாகப் போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். அந்நியனுக்குக் கதவு திறந்தவனுக்கு அந்நியன் கொடுத்த ஓய்வூதியம் அது!

பழைய நகருக்குள் நடந்தேன். 1650இல் டச்சுக்காரன் கட்டிய ஆட்சி மாளிகையும், 1753இல் கட்டிய மாதா கோவிலும் செக்கச்செவேலென்று நிற்கின்றன. பூவும் பொம்மையுமாகச் சோடித்த மூன்று சக்கர வண்டிகள், காது செவிடாகும்படி பாட்டு அலற, பயணிகளை ஏற்றிக்கொண்டு சுற்றுகின்றன. மிதிப்பவர்களில் பலர் முதியவர்கள்; பாட்டுத்தான் இளமையானது.

தங்கக் கைவினைஞர் தெரு என்று ஒன்று. அதையும் அடுத்த தெருவையும் சேர்த்தால் சில நூறு அடி தொலைவு. அதற்குள் 1748இல் எழுந்த பள்ளிவாசல், 1781இல் டச்சு அரசு தந்த நிலத்தில் தெய்வநாயகம் செட்டி கட்டிய பிள்ளையார் கோவில், பதினேழாம் நூற்றாண்டிலேயே தோன்றிய சீனக் கோவில் மூன்றும் இருக்கின்றன. பள்ளிவாசலைப் பாருங்கள்: கூரை சாவகத்துப் பாணியில் அடுக்கடுக்காக; கோபுரம் சீனத்துப் புத்தர் கோவில்போல; சுவரில் பதித்த ஓடுகள் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. தொழவந்தவர்கள் தமிழ் முசுலிம்கள். கட்டிய கொத்தனுக்கு எந்தச் சண்டையும் இல்லை. சண்டை எப்போதும் கட்டாதவனுக்குத்தான்.

அந்தப் பள்ளிவாசலின் பெயர் கம்போங் கிளிங் பள்ளிவாசல். கிளிங்கர் தெருப் பள்ளிவாசல் என்று பொருள். கலிங்கம் என்ற நாட்டுப் பெயர் தேய்ந்து 'கிளிங்' ஆகி, இந்தியக் கீழைக்கரையிலிருந்து வந்த அனைவருக்கும், பெரிதும் தமிழருக்கு, வழங்கிய பெயர். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் அது பெருவணிகனின் பெயர்; மதிப்புக்குரிய பெயர். இன்றோ? தமிழனைப் பார்த்து அப்படி அழைத்தால் சண்டை வரும், வசைச்சொல்லாகிவிட்டது. சொல் மாறவில்லை, தோழர்களே! ஒலியும் மாறவில்லை! அந்தச் சொல் சுட்டிய மனிதனின் கையில் இருந்தது மாறிற்று. தராசு இருந்த கையில் பால் வாளி வந்தது. அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

முதலில் தராசுக்காரர்கள். காற்றுக்குக் காத்திருந்த வணிகர்கள் தனியாக வந்தவர்கள். இங்கேயே மலாய், சாவக, சீனப் பெண்களை மணந்தார்கள். அவர்களின் வழியினர் இன்றும் மலாக்காச் செட்டிகள் என்ற பெயரோடு, நகரை ஒட்டிய கஜா பெராங் என்னுமிடத்தில் வாழ்கிறார்கள். செட்டி என்றதும் சாதி என்று எண்ணிவிடாதீர்கள். அவர்களிடையே பிள்ளை உண்டு, நாயக்கர் உண்டு, படையாட்சி உண்டு, பத்தர் உண்டு. இங்கே ஒரே பந்தியில் உட்கார மறுத்தவர்கள், அங்கே ஒரே குடும்பமாகிவிட்டார்கள்! கடல் கடந்தால் சாதி போய்விடும் என்று பஞ்சாங்கக்காரர் பயமுறுத்தியது எவ்வளவு நல்ல செய்தி!

ஒரு வீட்டு வாசலில் முதிய அம்மையார் ஒருவர் நின்றிருந்தார். மலாய்ப் பெண்கள் உடுத்தும் கெபாயாச் சட்டை, சாரோங். நெற்றியில் திருநீறு. கைகூப்பி, "வணக்கம் அம்மா" என்றேன். "வணக்கம்" என்றார், முகம் மலர. எங்கள் இருவருக்கும் பொதுவான தமிழ் அந்த ஒரு சொல்லோடு முடிந்துபோயிற்று! பிறகு எல்லாம் உடன்வந்த நண்பர் மொழிபெயர்த்ததுதான். அவர்களின் வீட்டுமொழி மலாய். பொங்கலையொட்டி, போகி நாளில் முன்னோருக்கு வாழையிலையில் படையல் போடுகிறார்கள். அந்தப் படையலுக்குப் 'பார்ச்சு' என்று பெயர். மாரியம்மன் திருவிழா எடுக்கிறார்கள். அதற்கு அவர்கள் மொழியில் பெயர் 'டத்தோ சாச்சார்', அம்மை நோய்க்குரிய தெய்வம். தாலி இருக்கிறது, பொங்கல் இருக்கிறது, மொழி இல்லை. எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை. ஆயினும் ஐந்நூறு ஆண்டுகளாகக் கைவிடாமல் ஒரு மக்கள் பற்றிக்கொண்டிருப்பதை எள்ளி நகையாடிவிட்டுத் திரும்ப எனக்கு மனம் வரவில்லை.

அவர்களைக் குறை சொல்லலாமா? தாய் பேசியது மலாய். சந்தை பேசியது மலாய். டச்சுக் கம்பெனி வாணிகத்தைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தபின், நாகப்பட்டினத்தோடு இருந்த தொடர்பும் தேய்ந்தது. வணிகர் உழவராயினர், பொற்கொல்லராயினர். பள்ளிக்கூடம் இல்லை, ஏடு இல்லை, வந்துபோகும் உறவு இல்லை. குழந்தைக்கு எந்த மொழியில் தாலாட்டுவாள் தாய்?

முன்ஷி அப்துல்லாவை நினைவில் வைக்கச் சொன்னேனே! இந்த மலாக்காவில் அவர் பிள்ளையாக இருந்தபோது, தந்தை அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். ஏன்? வசதியான வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது ஊர் வழக்கம். கணக்கெழுதவும் வணிகம் பேசவும் தமிழ் வேண்டும்! இருநூறு ஆண்டுகளுக்கு முன் மலாக்காவின் கல்லாப்பெட்டிக்குத் தமிழ் தெரிந்திருந்தது. பணம் பேசிய வரைக்கும் தமிழைப் பிறர் பிள்ளையும் கற்றது. பணம் போனதும் சொந்தப் பிள்ளையே மறந்தது.

மலாய் மொழிக்குள் போய்ப் பாருங்கள், நம் கப்பல்கள் கரையிறக்கிய சரக்கு அப்படியே கிடக்கிறது. கப்பல் அவர்களுக்குக் கப்பால். கடை, கெடாய். பெட்டி, பெத்தி. கட்டில், காத்தில். குளம், கோலாம். ஆப்பம், ஆப்பாம். காவல், காவால். இன்னும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. அவற்றைக் கேட்டதும் நான் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டேன். வணிகத்தில் போடும் பணத்துக்கு மலாய்க்காரர் 'மோடால்' என்கிறார்கள். அது நம்முடைய 'முதல்'. பாடுபடுகிற ஆளுக்குக் 'கூலி' என்கிறார்கள். அதுவும் நம்முடையது, குசராத்துக் கோலி என்ற குலப்பெயரிலிருந்து வந்ததாகச் சொல்வோரும் உண்டு, இருக்கட்டும். முதலும் கூலியும் இரண்டுமே நாம் ஏற்றுமதி செய்தவை! முதல் வந்தது முதலில். கூலி வந்தது பிறகு.

எப்படி வந்தது? 1896இல் மலாக்காவின் டான் சாய் யான் என்ற சீனச் செல்வர், புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வாணிகத்துக்காகப் போட்ட முதல் இரப்பர்த் தோட்டம் அது. பிறகு புக்கிட் அசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கர். பிறகு வெள்ளைக் கம்பெனிகள், மலாயா முழுவதும். பால்மரம் வந்தால் பால் எடுக்கக் கை வேண்டுமே! தமிழ்நாட்டு ஊர்களுக்குக் கங்காணி வந்தான். பஞ்சத்தில் வதங்கியவனிடம், பண்ணையாரிடம் கடன்பட்டவனிடம், சேரியைவிட்டு எங்கேனும் போனால் போதும் என்றிருந்தவனிடம், ஆசை வார்த்தை பேசினான். நாகப்பட்டினத்தில் கப்பலேற்றினான். அதே நாகப்பட்டினம்! செட்டி துணி மூட்டையோடு ஏறிய துறையில், இவன் துணி மூட்டையே இல்லாமல் ஏறினான். 1938இல் அன்றைய இந்திய அரசு தடைபோடும்வரை இந்த ஆள்பிடிப்பு நடந்தது.

மலாக்கா ஆற்றோரத் தேநீர்க்கடையில் பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். தோட்டத்திலே பிறந்தவர். பால்மரம் வெட்டிய கை. விரல் நுனியெல்லாம் கறுத்துத் தடித்திருந்தது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்தது, கிராணியின் கணக்கு, லயத்து வீடு, குழந்தையை ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டு ஓடிய தாய், மங்கில் சொட்டும் பாலை மழை வந்து கெடுத்தால் அன்றைக்குக் கூலி இல்லை என்ற நிலை... ஒவ்வொன்றாகச் சொன்னார். அத்தனையும் தமிழில்! 'பெரட்டு' என்பதும் 'கிராணி' என்பதும் நமக்குப் புதுச் சொற்களாக இருக்கலாம். வாக்கியம் நம் வாக்கியம்.

"ஐயா, தமிழ் எங்கே படித்தீர்கள்?" என்றேன்.

"தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல தம்பி. ஒரே கூடம். ஆறு வகுப்பும் அங்கதான். ஒரு வாத்தியாரு" என்றார்.

அந்தப் பள்ளி எப்படி வந்தது? துரைமாருக்குத் தமிழ்மேல் காதலா? 1912இல் மலாய்க் கூட்டு மாநிலங்களில் தொழிலாளர் சட்டம் ஒன்று வந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி வைக்கவேண்டும் என்றது. முதலாளியும் கணக்குப் போட்டான்: பள்ளி இருந்தால் குடும்பம் தங்கும், குடும்பம் தங்கினால் நாளைய கூலியாளும் இங்கேயே கிடைப்பான். கங்காணியும் கிராணியுமே வாத்தியாரான பள்ளிகளும் உண்டு. ஒழுகும் கூரை, கிழிந்த புத்தகம். அந்தக் கொட்டகைகளில்தான் மலாயாத் தமிழ் உயிர் பிழைத்தது! பெருஞ்செல்வர் வழியினரின் நாவிலிருந்து போய்விட்ட மொழியை, கூலி என்று இகழப்பட்டவனின் பிள்ளை, பலகையில் எழுதி எழுதிக் காப்பாற்றினான். இன்று மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றின் வேர் தோட்டத்தில்தான் இருக்கிறது.

ஆனால் மொழியைக் காத்தவனுக்கு மண் நிற்கவில்லை. விடுதலையையொட்டிய ஆண்டுகளில் வெள்ளைக் கம்பெனிகள் பல, தோட்டங்களைத் துண்டு துண்டாக்கி விற்றுவிட்டுக் கிளம்பின. வீடும் வேலையும் ஒரே நாளில் போயின. 1960இல் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே விலைக்கு வாங்கினார்கள். கூலி, முதலாக மாறிய அருஞ்செயல் அது! இருந்தும் எல்லாரையும் அது காக்க இயலவில்லை. 1968இன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், குடியுரிமை பெறாதவர்கள் பல்லாயிரவர் வேலை இழந்து தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். நாற்பது ஆண்டு உழைத்தவன் கையில் ஒரு தகரப் பெட்டி! எஞ்சிய தோட்டங்களில் பிற்பாடு செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். பல இடங்களில் வீட்டுமனை வந்தது. மலாய் பேசும் செட்டிக்குப் பழைய கோவில் இருக்கிறது. தமிழ் பேசும் பால்மரத் தொழிலாளிக்கு, அவன் பிறந்த லயம் இருந்த இடத்தைக் காட்டக்கூட இன்று ஒரு அடையாளம் இல்லை.

பெரியவரின் தோட்டமும் போய்விட்டது. மகன் தொழிற்சாலையில் வேலை செய்கிறார், குடியிருப்பு அடுக்குமாடியில். பேத்தி தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு.

"பக்கத்துல மலாய்ப் பள்ளிக்கூடம் இருக்கு. மகன் அங்க போடலாம்னான். படிச்ச நம்ம ஆளுங்க நெறையப் பேரு அப்படித்தான் செய்யிறாங்க. நான் விடல. தெனமும் பஸ்ஸுல நானே கொண்டுபோய் விடுறேன்" என்றார்.

எவ்வளவு தூரம் என்று கேட்டேன். போக அரை மணி, வர அரை மணி. பேத்தியை விட்டுவிட்டு வந்து, இந்தக் கடையில் உட்கார்ந்து, பள்ளி விடும் நேரத்துக்கு மறுபடி போகிறார். எனக்குத் தேநீருக்குக் காசு கொடுக்க விடவில்லை. "ஊர்லேர்ந்து வந்த புள்ள" என்று சொல்லித் தானே கொடுத்தார். அவர் ஊர் என்றது அவர் ஒருநாளும் பார்த்திராத தமிழ்நாட்டை.

"தம்பி, அடுத்தவாட்டி வந்தா புள்ளைங்க படிக்கிற கதைப் புத்தகம் கொண்டாங்க. பெரிய எழுத்தா இருக்கணும். படம் இருக்கணும்" என்றார் எழுந்திருக்கையில்.

மலாக்கா போகிற தோழர்கள் கல்வாயிலைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளட்டும். தென்னைவெல்லம் ஊற்றிய செண்டோல் குடிக்கட்டும், வெயிலுக்கு இதம். பிறகு கஜா பெராங் போங்கள். ஆற்றங்கரையிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆற்றோரத் தேநீர்க்கடைக்குக் காலை எட்டு மணிக்குமேல் போனால் அந்தப் பெரியவர் இருப்பார். புத்தகத்தை அவரிடமே கொடுத்துவிடலாம்.